தேடிய தேட்டம்: வாவிக்கரையில் இரண்டு பேர் நடத்திய தொழில்

மருதமுனையிலோ காத்தான்குடியிலோ ஒரு கைத்தறி வீட்டுக்குள் போய், தார் சுற்றிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாகக் கிடைக்கும் பதில் இதுதான்: "நான் சும்மாதான் இருக்கன். அவர்தான் தறி." சொல்லும்போதும் கை நிற்காது. ராட்டை சுத்திக்கொண்டே இருக்கும்.

நெசவு என்றால் நாங்கள் தறியில் உட்கார்ந்திருக்கிற ஆளைத்தான் படம் எடுப்போம். ஆனால் துணி தறியில் தொடங்குவதில்லை. நூல் கழியாக வரும். அதற்குச் சாயம் போட வேண்டும், காய வைக்க வேண்டும், கஞ்சி போட வேண்டும். பிறகு கழியைப் பிரித்துச் சுற்ற வேண்டும். பாவு ஓட்ட வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அச்சில் கோக்க வேண்டும். இவ்வளவும் முடிந்து தறி ஓடத் தொடங்கினாலும், நாடாவுக்குள் போடும் தார் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். அடுத்த தாரைச் சுற்றி வைக்க ஒரு ஆள் பக்கத்தில் இல்லையென்றால் தறி நிற்கும். தறி நின்றால் காசு நிற்கும். அந்த 'ஒரு ஆள்' பெரும்பாலும் நெசவாளியின் மனைவி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும்தான்.

வாவிக்கரையின் மற்றத் தொழில்களிலும் இதே கதைதான். படுவான்கரையில் மாட்டுப் பட்டிக்குப் போய்ப் பால் கறப்பது அவர். அதைக் காய்ச்சி, பக்குவமாக உறை ஊற்றி, சட்டி சட்டியாகத் தயிர் போடுவது அவள். வாவியில் இரவெல்லாம் வலை வீசிவிட்டு விடியப்புறம் தோணி கரைக்கு வந்தால் இறாலைத் தரம் பிரிக்கிறதும் மிஞ்சினதைக் கருவாடு போடுகிறதும் வீட்டு வேலையோடு வேலையாக நடக்கும். வயலில் களை பிடுங்குவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எல்லாவற்றிலும் இரண்டு பேர். கணக்கில் மட்டும் ஒருத்தர்.

ஆனால் மட்டக்களப்புக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. அந்தத் தறி நிற்கும் வீடு யாருடையது என்று கேட்டால், பதில் மாறிவிடும். வீடு அவளுடையது.

கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பின்பற்றியவர்கள். பிள்ளையின் குடி தாயின் குடி. கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ பக்கத்து வளவுக்கோ ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அங்கே இன்னொரு வீடு எழும்பும். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெரிய நூல் முழுக்க இந்த முறையைச் சுற்றியேதான் நிற்கிறது. இஸ்லாமியச் சட்டப்படி மகளுக்கு வரும் பங்கு மகனுக்கு வருவதில் பாதி. ஆனால் கிழக்கு முஸ்லிம்கள் வாப்பா மௌத்தாகும்வரை காத்திருப்பதில்லை. உயிரோடு இருக்கும்போதே வீட்டை மகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சட்டம் ஒரு பக்கம், ஊர் வழக்கம் ஒரு பக்கம்.

இது தொழிலை எப்படி மாற்றியது என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டு நெசவு ஊர்களில் வழக்கம் பொதுவாக வேறு மாதிரி. அங்கே மருமகள் கணவன் வீட்டுக்கு வருகிறாள். மாமியாரின் மேற்பார்வையில் ராட்டையில் உட்காருகிறாள். வாவிக்கரையில் புதிதாக வந்து சேர்பவன் மாப்பிள்ளை. அவன் தறியைப் போடுவது அவளுடைய வீட்டுத் திண்ணையில். அவளுடைய உம்மா, அல்லது அம்மா, அடுத்த வீட்டில். அக்கா பின்வீட்டில். கைக்குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. உலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் பாவு ஓட்டப் போகலாம். இண்டைக்கு எல்லாரும் பேசுகிற 'தொழிலையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிப்பது' என்ற கேள்விக்கு, வாவிக்கரை ஒரு காலத்தில் கண்ட விடை ஒரு வேலிக்குள் அடங்கியது. தாயும் பெண்மக்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இதைப் பொற்காலம் என்று எழுதப் போவதில்லை. அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கச் சகோதரிகளுக்காகத் தங்கள் கலியாணத்தைத் தள்ளிப்போட்ட அண்ணன்மாரின் கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை என்ற நிலைமை இன்றும் மாறவில்லை. வீடு அவள் பெயரில் இருந்தாலும், நூல் முதலாளியோடு விலை பேசுவது, சந்தைக்குப் போவது, கடன்கொப்பியில் கையெழுத்து வைப்பது எல்லாம் அவன். வீட்டின் சொந்தக்காரி அவள், தொழிலின் முகம் அவன். இந்த இரட்டைத் தன்மையை மனதில் வைத்துக்கொண்டால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

தமிழில் ஒரு அருமையான சொல் இருக்கிறது: தேட்டம். தேடிச் சேர்த்தது. பரம்பரையாக வந்தது முதுசம், பெண்ணோடு வந்தது சீதனம், உழைத்துச் சேர்த்தது தேட்டம். யாழ்ப்பாணத்தில் 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து வைத்த தேசவழமையில் 'தேடிய தேட்டம்' சட்டச் சொல்லாகவே இருக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் தேடியதில் இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. (அதே தேசவழமையில் மனைவி தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.) மட்டக்களப்பின் முக்குவர் சட்டத்திலும் முதுசம், தேட்டம் என்ற பிரிப்பு இருந்தது. முதுசம் தாய்வழியில்தான் இறங்கும், ஒரு ஆணின் முதுசம் அவன் பிள்ளைகளுக்கல்ல, சகோதரியின் பிள்ளைகளுக்கு. தேட்டத்தில் அவ்வளவு இறுக்கமில்லை.

இந்தச் சட்டத்தை சி. பிரிட்டோ தொகுத்து 1876இல் கொழும்பில் அச்சிட்டார். அதே 1876இல் விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. முக்குவர் சட்டம் புத்தகமாகிய வருடமே சட்டமாக இல்லாமல் போயிற்று. புதிய சட்டம் கணவன் மனைவி இருவருக்கும் பொதுச் சொத்து என்ற ஏற்பாட்டை நீக்கியது. தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கு மட்டும்தான், மட்டக்களப்புத் தமிழருக்கு இல்லை. ஆக, வாவிக்கரையில் இரண்டு பேர் முப்பது வருடம் சேர்ந்து உழைத்துச் சம்பாதித்த தோணியோ தறியோ கடையோ யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. 'தேட்டம்' என்ற சொல் கதைப் பேச்சில் மிஞ்சியது, கோர்ட்டில் அதற்குப் பெறுமதி போய்விட்டது.

ஆனாலும் ஊர் பெரிதாகக் கலங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். காரணம், சீதன உறுதி. வீடும் வளவும் அவள் பெயரில் எழுதப்பட்டிருந்தவரை, தேட்டத்தில் பங்கு இல்லாவிட்டாலும் நடுத்தெருவில் நிற்க மாட்டாள். அந்த உறுதி ஒரு காப்புறுதி மாதிரி வேலை செய்தது.

சரி, தறிக்குத் திரும்புவோம். 1970களின் நடுப்பகுதிவரை வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. சாரமோ சாரியோ உள்ளூரில் நெய்ததைத்தான் சனங்கள் உடுத்தார்கள். மருதமுனைக்கு அது நல்ல காலம். (மருதமுனை இப்போது அம்பாறை மாவட்டம். 1961இல் மாவட்டம் பிரியும்வரை மட்டக்களப்புதான். வாவி கேட்டா பிரிகிறது?) 1977இல் ஜே.ஆர். ஜெயவர்தன அரசு வந்து சந்தையைத் திறந்துவிட்டது. விசைத்தறித் துணி கப்பல் கப்பலாக இறங்கியது. ஒரு சாரத்துக்கு வீட்டில் இரண்டு பேர் போட்ட உழைப்பை இறக்குமதித் துணியின் விலையோடு நிறுத்தால் தராசு ஒரு பக்கமாகவே சாய்ந்தது. அதிலும் பாருங்கள், தார் சுற்றிய மனைவிக்கும் பிள்ளைக்கும் கூலி போடாமல்தான் அந்த விலையே கட்டுப்படியாகிக் கொண்டிருந்தது. போட்டிருந்தால் 1977க்கு முன்னமே கணக்கு உதைத்திருக்கும். அடுத்த வருடம் நவம்பர் 23 இரவு சூறாவளி. மட்டக்களப்பில் கூரைகள் பறந்தன, தென்னைகளில் பெரும்பங்கு ஒரே இரவில் சரிந்தது.

தறி ஓய்ந்த வீடுகளில் என்ன நடந்தது? ஆண்கள் பலர் யாவாரத்துக்குப் போனார்கள். பெண்கள் பலர் வளைகுடாவுக்கு, வீட்டுப் பணிப்பெண்ணாகப் போனார்கள். எதற்கு? மகளுக்கு வீடு கட்ட. பிள்ளைகளை யார் பார்த்தார்கள்? பக்கத்து வளவிலிருந்த உம்மம்மா, மூத்தம்மா, பெத்தா. ஒரு காலத்தில் தறிக்குத் தோள் கொடுத்த அதே தாய்வழி வளவு, இப்போது குவைத்துக்கும் சவூதிக்கும் தோள் கொடுத்தது. கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் நடத்திய தொழில் போய், இரண்டு நாடுகளில் இருந்துகொண்டு நடத்தும் குடும்பம் வந்தது.

பிறகு யுத்தம். 1990 ஜூனில் மீண்டும் சண்டை மூண்டது. ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் இராணுவம் சுற்றிவளைத்துக் கொண்டுபோன நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள், குழந்தைகள் உட்பட, திரும்பவில்லை. இந்த இரண்டையும் ஒரே பந்தியில் எழுதினால்தான் வாவிக்கரையின் பொருளாதாரம் எப்படி அறுந்தது என்று சொல்ல முடியும். ஏனென்றால் தயிரும் நெல்லும் ஒரு கரையில், துணியும் கடையும் மறுகரையில். படுவான்கரைக் குடும்பம் போட்ட தயிரை வாங்குகிறவர் எழுவான்கரையில், எழுவான்கரைக் குடும்பம் நெய்த சாரத்தை உடுக்கிறவர் படுவான்கரையில். இடையில் வாவியும் அதைக் கடக்கும் பாதையும். (வெளியூர் ஆக்களுக்கு: மட்டக்களப்பில் 'பாதை' என்றால் தெரு இல்லை, வாகனத்தையும் சனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) படுவான்கரை 2007வரை பெரும்பாலும் புலிகளின் கட்டுப்பாட்டில், எழுவான்கரை அரச கட்டுப்பாட்டில். பாதையின் இரண்டு பக்கமும் சோதனை. மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல்தான்.

ஆண்கள் பாதை கடப்பது உயிராபத்தானது. பிடித்தால் திரும்பி வருவார்களா தெரியாது. ஆகவே கடந்தவர்கள் பெண்கள். அதுவரை வீட்டுக்குள் தொழிலைச் செய்தவள், இப்போது வெளியிலும் தொழிலின் முகமானாள். பலருக்கு அது நிரந்தரமாயிற்று. 2010இல் அப்போதைய பிரதியமைச்சர் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ் சொன்ன கணக்கில் கிழக்கில் மட்டும் 49,000 விதவைகள், வடக்கில் 40,000. காணாமலாக்கப்பட்டவரின் மனைவிக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது, அவள் காத்திருப்பவள். 'சும்மா இருந்தவள்' என்று சொல்லப்பட்ட ஒருத்தி, கணவன் இல்லாத அடுத்த கிழமையே தயிரை விற்கவும் கடனை அடைக்கவும் தெரிந்தவளாக இருந்தாள் என்றால், அதற்கு முந்தின இருபது வருடம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

2004 டிசெம்பர் 26. நாட்டிலேயே ஆகக்கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனை, காத்தான்குடி, நாவலடி, திருச்செந்தூர் என்று கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய நிலத்தில் வீடும் போனது, வீட்டுக்குள் இருந்த தறியும் போனது, உறுதியும் போனது. அரசு வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்றது (பிறகு தளர்த்தியது). மாற்றுக் காணியும் வீடும் கொடுத்தார்கள். யாருக்கு? 'குடும்பத் தலைவருக்கு.'

அந்தச் சொல் சுனாமியோடு வந்ததல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலேயே அதன் வேர் இருக்கிறது. அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் ஒரு பெயருக்கு, வாரிசு வரிசையில் மூத்த ஆணுக்கு முன்னுரிமை. குடியேற்றத் திட்டங்களில் வயல் பெற்ற குடும்பங்களுக்கு அது பழகிப்போன விஷயம். ஆனால் கரையோரத்தில், தலைமுறை தலைமுறையாக வீடு பெண் பெயரில் இருந்த ஊர்களில், படிவத்தை நிரப்பிய அதிகாரி 'தலைவர்' என்ற இடத்தில் பல இடங்களில் கணவனின் பெயரை எழுதினார். அவள் பெயரிலிருந்த வீடு கடலோடு போய், அவன் பெயரில் ஒரு வீடு எழும்பியது. கூட்டுப் பெயரில் கொடுங்கள் என்று மட்டக்களப்புப் பெண்கள் அமைப்புகள் கேட்டன. ஒரு பத்திரம், ஒரு பெயர் என்ற நிர்வாகப் பழக்கம் அசையவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆண் முன்னுரிமை நீங்கியது 2022இல்தான்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. புதிய வீட்டுத்திட்டங்களில் வீடுகள் இலக்கப்படி பிரிக்கப்பட்டன. உம்மா ஒரு வரிசையில், மகள் இன்னொரு வரிசையில், தங்கச்சி வேறொரு ஊரில். தறியை யாரோ ஒரு நிறுவனம் மறுபடியும் கொடுத்துவிடலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேலிக்கு அப்பால் ஒரு ஆளை எந்த நிறுவனமும் கொடுக்காது.

அடுத்து வந்தது கடன். யுத்தம் முடிந்த கையோடு நுண்கடன் கம்பனிகள் கிழக்கின் ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் வந்தன. கடன் பெண்களுக்குத்தான். ஏனென்றால் பெண்கள் ஒழுங்காகக் கட்டுவார்கள், வீட்டில் இருப்பார்கள், குழுவாக ஒருத்திக்கு ஒருத்தி பொறுப்பு நிற்பார்கள். அவள் பெயரில் எடுத்த காசு வலைக்கும், கடைக்கும், தறி நூலுக்கும், சில வேளை சீதன வீட்டுக்கும் போனது. கிழமைத் தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியவள் அவள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2018இல் நிதியமைச்சர் மங்கள சமரவீர வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தார். மத்திய வங்கி வட்டிக்கு உச்சவரம்பு போட்டது, 35 வீதம். உச்சவரம்பே 35 வீதம் என்றால் அதற்கு முன் எவ்வளவு அறவிட்டிருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கணக்குத் தெரிகிறது. சுனாமிக்கு முன் வீட்டு உறுதி அவள் பெயரில், தொழிலும் கடன்கொப்பியும் அவன் பெயரில். சுனாமிக்குப் பின் பல வீடுகளில் வீடு அவன் பெயரில், கடன் அவள் பெயரில். தொழில் மட்டும் அப்போதும் இப்போதும் அவன் பெயரில். இரண்டு பேரில் ஒருவர் கெட்டவர் என்பதால் இது நடக்கவில்லை. தவணை கட்ட முடியாமல் அவளோடு சேர்ந்து ஒளித்துத் திரிந்த கணவன்மாரும் இருக்கிறார்கள். படிவங்கள்தான் அப்படி. ஒவ்வொரு படிவத்திலும் ஒரு கோடுதான் இருக்கிறது, ஒரு பெயர் எழுதத்தான் இடம்.

இது எங்கட ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. பிரான்சில் பேக்கரி, இறைச்சிக்கடை, தச்சுப்பட்டறை நடத்திய குடும்பங்களில் மனைவிமார் கடையையும் கணக்கையும் பார்த்துவிட்டு, முதுமையில் ஓய்வூதியம் இல்லாமல் நின்றார்கள். 1982 ஜூலையில் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கணவனின் தொழிலில் வேலை செய்யும் மனைவி கூட்டுழைப்பாளராகவோ, சம்பளம் பெறும் ஊழியராகவோ, பங்காளியாகவோ பதிந்துகொள்ளலாம். எங்கள் தொகைமதிப்புத் திணைக்களத்தின் தொழிற்படை அளவீட்டிலும் ஒரு வகை இருக்கிறது: 'பங்களிக்கும் குடும்பப் பணியாளர்'. சம்பளம் இல்லாமல் குடும்பத் தொழிலில் வேலை செய்பவர். அந்த வகைக்குள் பெரும்பான்மை பெண்கள். ஆனால் அளவீட்டுக்காரர் கதவைத் தட்டும்போது "சும்மா இருக்கன்" என்று சொன்னவள் அந்த வகைக்குள்ளும் வர மாட்டாள்.

இன்றைக்குத் தறியில் உட்காருவதே பெரும்பாலும் பெண்கள்தான், இலங்கை முழுக்க. மருதமுனைச் சாரியை இன்ஸ்டகிராமில் போட்டு விற்கிற இளம் சோடிகளும் வந்துவிட்டார்கள். ஒருத்தர் படம் எடுக்கிறார், மற்றவர் பார்சல் கட்டுகிறார். தொட்டில் இன்னமும் பக்கத்தில்தான்.

தொழிலுக்கு ஒரு பெயர் வைத்தால் அதைப் பிரதேச செயலகத்தில் பதிய வேண்டும். 1918ஆம் ஆண்டு வணிகப் பெயர்கள் கட்டளைச் சட்டம் தொடக்கி வைத்த பழக்கம். அதில் தனியாள் என்றும் பதியலாம், இரண்டு பேர் பங்காளிகளாகச் சேர்ந்தும் பதியலாம். கணவனும் மனைவியும் பங்காளிகளாகக் கூடாது என்று எங்கும் எழுதியில்லை. ஆனால் கல்முனையிலிருந்து ஏறாவூர்வரை பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் பாருங்கள். முக்கால்வாசியும் பிள்ளையின் பெயர், அதிலும் மகளின் பெயர். கீழே சின்ன எழுத்தில் உரிமையாளர் என்று வாப்பாவின் பெயர், இல்லையென்றால் அப்பாவின் பெயர்.